பூங்கா டெண்டரில் ஒரே கம்பெனியின் மாடல் எண்: என்ன செய்யலாம்?

கேள்வி: கோவையில் சிறுவர் பூங்காக்களுக்கு ஊஞ்சல், சறுக்குமரம் செய்கிறோம். ஒரு பேரூராட்சி டெண்டரில் வேறொரு கம்பெனியின் மாடல் எண்ணையே போட்டிருக்கிறார்கள். நாங்கள் கலந்துகொள்ளலாமா? கிடைக்காவிட்டால் அப்பீல் உண்டா?

பதில்: கலந்துகொள்ளலாம், அப்பீலும் உண்டு. ஆனால் உங்கள் வேலை கவர் திறக்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் (1998) பேரூராட்சிகளுக்கும் பொருந்தும். அதன் 2000ஆம் ஆண்டு விதிகள்படி பிராண்ட் பெயர், கேட்லாக் எண் கூடாது. தவிர்க்கவே முடியாவிட்டால் ‘அல்லது அதற்கு இணையானது’ என்று சேர்க்க வேண்டும். எல்லாமே சதி என்று நினைக்காதீர்கள். எஸ்டிமேட் போட யாரோ கொடுத்த கொட்டேஷனை அப்படியே ஒட்டிவிடுவதும் நடக்கிறது.

டெண்டர் திறப்பதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் விளக்கம் கேளுங்கள். பதில் தருவது அவர்கள் கடமை. கேட்டது யார் என்று சொல்லாமல், ஆவணம் வாங்கிய எல்லோருக்கும் அந்தப் பதிலை அனுப்ப வேண்டும். அதனால் பெயர் கெட்டுவிடுமோ என்ற தயக்கம் வேண்டாம். கடிதத்தில் குற்றச்சாட்டு எழுதாதீர்கள். “தூண் குழாய் 114 மி.மீ. என உள்ளது. அதே பாரம் தாங்கும் 89 மி.மீ. குழாயை, கணக்கீட்டுடன் தந்தால் ஏற்பீர்களா?” என்ற அளவில் கேளுங்கள். இஎன் 1176 (விளையாட்டுக் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரம்) பாதுகாப்புச் சான்று கேட்டிருந்தால் அதை எதிர்க்காதீர்கள். விழுந்து எழும் குழந்தைகளுக்கான பொருள். அந்த நிபந்தனையில் நியாயம் இருக்கிறது.

அவகாசத்தையும் பாருங்கள். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள். குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுதி அனுமதித்திருக்க வேண்டும்.

மதிப்பீடு டெண்டர் ஆவணத்தில் சொன்ன அளவுகோல்படி மட்டுமே நடக்க வேண்டும். அதை மீறி உங்களைத் தள்ளினால், யாருடைய டெண்டர் ஏற்கப்பட்டது என்ற ஆணை கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். விளக்கம் கேட்ட கடிதமும் பதிலும் இருந்தால் அங்கே பேச ஆதாரம் இருக்கும்.

கவர் திறந்தபின் “இன்னும் குறைத்துத் தருகிறேன்” என்று கடிதம் கொடுக்காதீர்கள். விலை பேசுவதானால் குறைந்த விலை கொடுத்தவரிடம் மட்டும்தான் பேச முடியும்.