பதினாலரை ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பாட்டு: ஐலண்ட் சாம்ப்ளர் பற்றிச் சில கேள்விகள்

1969ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லண்டன் ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ‘நைஸ் இனஃப் டு ஈட்’ என்ற மலிவு விலை சாம்ப்ளர் எல்.பி. (பெரிய இசைத்தட்டு) பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கே: சாம்ப்ளர் என்றால் ஹிட் பாட்டுகளின் தொகுப்புதானே?

ப: இல்லை, கிட்டத்தட்ட அதற்கு நேர் எதிர். ஹிட் தொகுப்பு ஏற்கெனவே விற்றதை மறுபடி விற்கும். சாம்ப்ளர் இன்னும் விற்க வேண்டியதை விற்கப் பார்க்கும். ஒவ்வொரு குழுவின் புது ஆல்பத்திலிருந்தும் ஒரு பாட்டு. பிடித்தால் முழு விலை கொடுத்து அந்த ஆல்பத்தை வாங்குங்கள் என்பதுதான் கணக்கு. ராக்கில் இதைப் பெரிய அளவில் தொடங்கிவைத்தது சி.பி.எஸ். கம்பெனி: 1968இல் ‘த ராக் மெஷின் டர்ன்ஸ் யூ ஆன்’, விலை 14 ஷில்லிங் 11 பென்ஸ். அடுத்த ஆண்டே ஐலண்ட் ‘யூ கேன் ஆல் ஜாயின் இன்’ என்ற எல்.பி.யை 14 ஷில்லிங் 6 பென்ஸுக்கு இறக்கியது. அது பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் 18ஆம் இடம் வரை போனது. அந்தத் தைரியத்தில் வந்ததுதான் நீங்கள் கேட்கும் ரெக்கார்டு.

கே: 14 ஷில்லிங் 6 பென்ஸ் என்றால் எவ்வளவு?

ப: அப்போது ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். அதனால் முக்கால் பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. முழு விலை எல்.பி.யில் பாதிகூட இல்லை. பள்ளிப் பையன்கள் கைச்செலவுக் காசில் வாங்கிய ரெக்கார்டு இது.

கே: இவ்வளவு மலிவாகக் கொடுத்தால் கம்பெனிக்கு நஷ்டம் இல்லையா? விளம்பரத்துக்கு ரேடியோ இருந்ததே?

ப: பாட்டுகள் ஏற்கெனவே பதிவானவை, ஸ்டுடியோ செலவு இல்லை. ரேடியோதான் பிரச்சினையே. கடலில் கப்பலை நிறுத்தி ஒலிபரப்பிய ‘பைரேட்’ நிலையங்களை 1967 ஆகஸ்டில் வந்த சட்டம் முடக்கிவிட்டது. அடுத்த மாதம் பி.பி.சி. ரேடியோ 1 வந்தது. ஆனால் பகல் நேரத்தில் அதில் ஓடியவை மூன்று நிமிட சிங்கிள்கள் (தனிப்பாட்டுத் தட்டுகள்). ஜான் பீல் மாதிரி ஓரிரு ரேடியோ தொகுப்பாளர்கள்தான் மற்றதைப் போட்டார்கள். இந்த எல்.பி.யில் உள்ள கிங் கிரிம்சன் குழுவின் ‘ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிஸாய்டு மேன்’ ஏழு நிமிடத்துக்கு மேல், அதுவும் காதைக் கிழிக்கிற சாக்ஸபோனோடு. பகலில் அதை யார் போடுவார்கள்? அந்த வேலையைச் சாம்ப்ளர் செய்தது.

கே: ஹார்டு ராக், நாட்டுப்புறம், ஜாஸ் என்று ஒரே அவியலாக இருக்கிறதே?

ப: அவியல்தான், ஆனால் காய்களைத் தேர்ந்தெடுத்துப் போட்ட அவியல். ஐலண்ட் எல்லாரையும் தானே தேடிப் பிடிக்கவில்லை. கிறிஸ் பிளாக்வெல் 1959இல் ஜமைக்காவில் தொடங்கிய கம்பெனி அது. லண்டன் வந்த பிறகு வெளித் தயாரிப்பாளர்களுக்கும் இடம் கொடுத்தார். இதில் இருக்கும் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழு, பாடகர் நிக் டிரேக், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லி ஸ்ட்ரேஞ்ச் குழு ஆகியோர் தயாரிப்பாளர் ஜோ பாய்டின் விட்ச்சீசன் கம்பெனி வழியாக வந்தவர்கள். ஜெத்ரோ டல், பிளாட்வின் பிக் என்ற இரண்டு குழுக்களும் கிரிஸாலிஸ் கம்பெனியின் ஆட்கள். கிங் கிரிம்சன் ஈ.ஜி. என்ற நிர்வாகக் கம்பெனியின் குழு. இத்தனை பேரின் ரசனை ஒரே இளஞ்சிவப்பு லேபிளுக்குக் கீழே கூடியது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜெத்ரோ டல்லை விட்டுப் பிரிந்து மிக் ஆப்ரஹாம்ஸ் தொடங்கியதுதான் பிளாட்வின் பிக். பிரிந்த இரண்டு தரப்பும் இங்கே ஒரே தட்டில்!

கே: இதில் இருக்கும் ஜெத்ரோ டல் பாட்டைத்தான் ஈகிள்ஸ் குழு ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வாகக் காப்பி அடித்தார்கள் என்கிறார்களே?

ப: ‘வி யூஸ்டு டு நோ’ பாட்டைச் சொல்கிறீர்கள். கார்டுகள் (chords, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) போகும் வரிசை நிஜமாகவே ஒன்றுபோல இருக்கும், கேட்டவுடன் தெரியும். ஈகிள்ஸ் 1972இல் அமெரிக்காவில் டல்லுக்கு முன்னால் மேடையேறிய குழு என்பதும் உண்மை. ஆனால் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வுக்கு இசை போட்ட டான் ஃபெல்டர் 1974இல்தான் ஈகிள்ஸில் சேர்ந்தார். டல்லின் பாடகர் இயன் ஆண்டர்சனே இதைத் திருட்டு என்று சொல்வதில்லை. அப்புறம் நமக்கு எதற்கு வம்பு?

கே: ஹெவி ஜெல்லி யார்? வேறெங்கும் கேள்விப்பட்டதே இல்லை.

ப: இல்லாத குழு! ‘டைம் அவுட்’ பத்திரிகை விளையாட்டாக, இல்லாத ஒரு குழுவின் ஆல்பத்துக்கு விமர்சனம் போட்டது. ரெக்கார்டு எங்கே கிடைக்கும் என்று ஜனங்கள் கேட்க ஆரம்பிக்கவும், ஸ்கிப் பிஃபர்ட்டி என்ற குழு அந்தப் பெயரில் ஒரு பாட்டைப் பதிவு செய்தது. அதுதான் இதில் இருப்பது.

கே: நிக் டிரேக்கை இந்த ரெக்கார்டுதான் பிரபலமாக்கியதா?

ப: அப்படி நடந்திருக்கலாம், நடக்கவில்லை. ‘டைம் ஹேஸ் டோல்ட் மீ’ இங்கே ‘ஸ்கிஸாய்டு மேன்’ பாட்டுக்கு நேர் முன்னால் வருகிறது. அவ்வளவு மென்மையான குரல் முடிந்ததும் தலையில் இடி. வரிசை போட்டவருக்கு ஒரு சபாஷ். அடுத்து வந்த ‘பம்பர்ஸ்’ (1970), ‘எல் பீ’ (1971) என்ற இரண்டு ஐலண்ட் சாம்ப்ளர்களிலும் டிரேக் இருக்கிறார். மூன்று முறை ஏராளமான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த குரல். ஆனாலும் அவர் ஆல்பங்கள் அவர் இருந்தவரை சில ஆயிரம் பிரதிகள்தான் விற்றன. 1974இல் 26 வயதில் இறந்தார். மலிவு ரெக்கார்டில் ரசித்தவர் எல்லாம் முழு விலை கொடுப்பார் என்ற கணக்கு இவர் விஷயத்தில் பொய்த்துவிட்டது.

கே: ‘கங்காமாய்’ என்று ஒரு பாட்டு, நம் கங்கையா?

ப: அதேதான். பாடுவது குவின்டெசென்ஸ், லண்டன் நாட்டிங் ஹில் குழு. புல்லாங்குழல் வாசிக்கும் ராஜா ராம் ஆஸ்திரேலியர். பின்னாளில் கோவா டிரான்ஸ் என்ற மின்னணு நடன இசைப் பக்கம் போய் ஷ்பாங்கிள் குழுவைத் தொடங்கிய இருவரில் ஒருவரும் இவரே. பக்தி உண்மையானது, பாட்டு சுமார்.

கே: மற்ற சாம்ப்ளர்களில் எதை வாங்கலாம்?

ப: ‘பம்பர்ஸ்’ இரட்டை எல்.பி., நல்ல பாட்டுகள் உண்டு, ஆனால் நீளம் அலுக்கிறது. ஹார்வெஸ்ட் லேபிளின் ‘பிக்னிக்’ (1970) ஒரே ஒரு பாட்டுக்காகவே வாங்கலாம்: பிங்க் ஃபிளாய்டின் ‘எம்பிரியோ’. குழுவின் எந்த ஸ்டுடியோ ஆல்பத்திலும் அது இல்லை. விலையைப் பொறுத்தவரை, இவை நிறைய விற்றதால் அரிய பொருள் கிடையாது. நல்ல நிலையில் இருப்பதுதான் அரிது. பார்ட்டிகளில் ஓட்டி ஓட்டித் தேய்ந்திருக்கும். உறையின் அழகில் மயங்காமல் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ‘ஸ்கிஸாய்டு மேன்’ இருக்கும் இரண்டாம் பக்கத்தை முதலில்.