'தி நேக்கட் ப்ரே' படத்தின் கதை உண்மையில் நடந்ததா?

பாதி உண்மை. ஆனால் அது நடந்தது படத்தில் வருவதுபோல் ஆப்பிரிக்காவில் இல்லை, அமெரிக்காவில்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயச் சென்ற லூயிஸ்-கிளார்க் பயணக் குழுவில் இருந்த ஜான் கோல்ட்டர், பின்னாளில் மான்டானா பகுதியில் பீவர் எனும் நீர்வாழ் கொறிக்கும் விலங்குகளைத் தோலுக்காகப் பிடித்துவந்தார். 1809 வாக்கில் பிளாக்ஃபுட் பழங்குடியினர் அவரைப் பிடித்தார்கள். கூட வந்தவர் கொல்லப்பட்டார். கோல்ட்டரின் உடைகளைக் களைந்து, 'ஓடு' என்று விட்டுவிட்டுத் துரத்தினார்கள். வெறுங்காலோடு பல மைல் ஓடி, நெருங்கி வந்த ஒருவரை அவருடைய ஈட்டியாலேயே கொன்று, ஆற்றில் குதித்து மிதக்கும் மரக்கட்டைகளுக்கு அடியில் ஒளிந்து தப்பினார். அப்புறம் பல நாள் நடந்து ஒரு கோட்டையை அடைந்தாராம். அவர் சொல்லி மற்றவர்கள் எழுதியது என்பதால் கொஞ்சம் மிகை இருக்கலாம்.

கார்னெல் வைல்ட் இயக்கி நடித்த படம், இதைக் காலனி கால ஆப்பிரிக்காவுக்கு மாற்றிக்கொண்டது. நாயகனுக்குப் பெயரே கிடையாது, வசனமும் மிகக் குறைவு. ஆனாலும் திரைக்கதை ஆஸ்கர் பரிந்துரை பெற்றது! எனக்குப் பிடித்தது, துரத்துபவர்கள் தங்கள் தோழர்களின் சாவுக்கு அழுவதையும் காட்டியிருப்பதுதான். ஆப்பிரிக்கர்களைப் படம் பார்க்கும் விதத்தில் மற்றபடி அந்தக் காலத்துக் கோணல் உண்டு.