கடைப் பாட்டிலில் வரும் முட்டையில்லாத சாண்ட்விச் ஸ்ப்ரெட்டை அதே ருசியில் வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். ஆனால் எனக்கு அது ஆறாவது முறைதான் கைகூடியது. முன்னால் செய்ததெல்லாம் ஏன் தேறவில்லை என்று சொன்னாலே உங்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

நீங்கள் கேட்கிற அதே சாமான்தான் எங்கள் வீட்டிலும். வெள்ளையாக, நடுநடுவே கேரட்டும் வெள்ளரியும் பொடிப்பொடியாகத் தெரிகிற பாட்டில். மகள் பிரெட்டில் தடவுவதை விட்டுவிட்டு ஸ்பூனும் கையுமாகப் பாட்டிலோடு உட்கார ஆரம்பித்த பிறகுதான் ஒருநாள் அதைத் திருப்பி லேபிளைப் படித்தேன். சமையல் குறிப்பு வேறெங்கும் தேட வேண்டாம், அங்கேயே இருக்கிறது. நம் நாட்டு விதிப்படி, எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுதி, குறைந்துகொண்டே போக வேண்டும். நான் வாங்கிய பாட்டிலில் முதலில் எண்ணெய், அடுத்துத் தண்ணீர், மூன்றாவதாகச் சர்க்கரை. காய்கறி அதற்கும் பின்னால்தான் வருகிறது! அப்புறம் சில எண்கள்: 1442 என்றால் மாற்றம் செய்த ஸ்டார்ச், 415 என்றால் கெட்டியாக்கச் சேர்க்கும் சாந்தன் கம், 211-ம் 202-ம் கெடாமல் இருக்கச் சேர்ப்பவை.

இந்த வரிசையைப் படித்துவிட்டும் நான் புரிந்துகொள்ளவில்லை. மயோனைஸ் செய்து, அதில் காயை நறுக்கிப் போட்டால் ஸ்ப்ரெட் என்று நினைத்தேன். செய்து வைத்த அரை மணி நேரத்தில் கிண்ணத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. மாமியார் ஒரு ஸ்பூன் வாயில் போட்டுவிட்டு, "பச்சடி நல்லாத்தான் இருக்கும்மா, தயிர் கொஞ்சம் புளிச்சிருச்சோ?" என்றார். மயோனைஸில் உள்ள உப்பு வெள்ளரியின் நீரை வெளியே இழுத்துவிடுகிறது. வெங்காயப் பச்சடியில் உப்பு போட்டு வைத்தால் நடப்பதுதான் இங்கும்.

அடுத்த முறை காயைப் பிழிந்து போட்டேன், தண்ணீர் நின்றது, ருசி வரவில்லை. செக்குக் கடலை எண்ணெயில் செய்தபோது கடலை வாசனை மட்டும்தான் இருந்தது. வினிகருக்குப் பதில் எலுமிச்சை பிழிந்தேன், அது வேறெங்கோ போய்விட்டது. பூண்டும் மிளகும் சேர்த்ததில் சிக்கன் கடைகளில் சின்னக் கிண்ணத்தில் கொடுப்பார்களே, அந்த மாதிரி வந்தது. நன்றாகவே இருந்தது, ஆனால் இது அதுவல்ல.

குறை எங்கே என்று பார்த்தால், சர்க்கரையில் நான் கஞ்சத்தனம் செய்துகொண்டிருந்தேன். வீட்டில் செய்வதே நல்லதுக்குத்தானே என்று அரை ஸ்பூன் போட்டால் அந்த ருசி எப்படி வரும்? பாட்டில் ஸ்ப்ரெட்டைக் கண்ணை மூடிச் சாப்பிட்டுப் பாருங்கள். முதலில் இனிப்பு, உடனே வினிகர்ப் புளிப்பு, கடைசியில் மூக்கில் லேசாக ஏறும் கடுகு. நமக்குப் பிடித்தது உண்மையில் வினிகரில் ஊறிய இனிப்பு வெள்ளரிதான். வெள்ளைக் கிரீம் அதைப் பிரெட்டுக்குக் கொண்டு சேர்க்கிற வண்டி, அவ்வளவே. ஆகவே வேலையைக் காயிலிருந்து தொடங்குங்கள், கிரீம் கடைசி.

முந்தின நாள் ராத்திரியே காயைத் தயார் செய்துவிடுங்கள். ஒரு வெள்ளரிக்காயை நீளவாக்கில் கீறி விதைப்பகுதியை வழித்து எடுத்துவிட வேண்டும், நீர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அரை கேரட், கால் குடைமிளகாய். எல்லாவற்றையும் அரிசி அளவுக்குக் கத்தியால் நறுக்குங்கள். துருவினால் கூழாகிவிடும், பல்லில் கடிபட ஒன்றும் இருக்காது. அரை டீஸ்பூன் உப்பு போட்டுப் பிசறி இருபது நிமிடம் வைத்து, பழைய வேட்டித் துணியில் கட்டி இரக்கமில்லாமல் பிழியுங்கள். ஒன்றரை டேபிள்ஸ்பூன் வினிகரில் ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரையைச் சூடாக்கிக் கரைத்து, அதில் காயைக் கொட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் மறுபடி பிழிய வேண்டும். பிழிந்த வினிகரைக் கொட்டாதீர்கள், கிரீமுக்கு அதுதான்.

கடுகு பற்றி ஒரு வார்த்தை. கால் டீஸ்பூன் கடுகைப் பொடித்துப் பச்சைத் தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் வைத்தால்தான் காரம் பிறக்கும். கடுகை உடைத்து ஈரம் பட்டதும் அதிலுள்ள ஒரு நொதி வேலை செய்து அந்தக் காரத்தை உண்டாக்குகிறது, சூடு பட்டால் நொதி செத்துவிடும். நாம் தாளிக்கிற கடுகு ஏன் மூக்கில் ஏறுவதில்லை என்பதற்கும் இதுதான் காரணம். வெந்நீரோ வினிகரோ முதலிலேயே ஊற்றிவிடாதீர்கள். நம் ஊர்க் கருங்கடுகு மஞ்சள் கடுகைவிட வீரியம், அதனால் கால் டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம்.

கிரீமுக்கு 60 மில்லி பால், 120 மில்லி ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய். பால் கொழுப்பு நீக்காததாக, காய்ச்சி ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் சில்லென்று ஆனதாக இருக்க வேண்டும். உயரமான டம்ளரில் இரண்டையும் ஊற்றி, கை பிளெண்டரை அடியில் வைத்து ஓட்டி மெதுவாக மேலே தூக்கினால் ஒரு நிமிடத்தில் கட்டியாகும். முட்டையில் மஞ்சள் கரு செய்கிற வேலையை இங்கே பாலில் உள்ள கேசின் புரதம் செய்கிறது, எண்ணெய்த் துளிகளைச் சுற்றிக்கொண்டு ஒன்றோடொன்று சேரவிடாமல் தடுக்கும். பிளெண்டர் இல்லையென்றால் மிக்ஸியின் சட்னி ஜார் போதும். ஆனால் எண்ணெயை ஒரே மூச்சில் ஊற்றாமல், ஒவ்வொரு ஸ்பூனாக விட்டு, விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். ஜார் சூடானால் பிரிந்துவிடும்.

கட்டியான பிறகு கடுகு, அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டேபிள்ஸ்பூன் பொடித்த சர்க்கரை, காய் ஊறிய வினிகர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சுற்று. பாலில் வினிகரா, திரியாதா என்று கேட்பீர்கள். திரியத்தான் செய்கிறது. எண்ணெய்த் துளிகளுக்கு இடையில் திரிவதால் நம் கண்ணுக்குத் தெரியாமல் கிரீம் இன்னும் இறுகுகிறது. வினிகரைத் தொடக்கத்திலேயே ஊற்றினால் மட்டும் திப்பித்திப்பியாக நிற்கும்.

இதோடு காயைக் கலந்தாலே நன்றாக இருக்கும். ஆனால் பாட்டிலில் உள்ளதைவிட எண்ணெய்ப் பிசுபிசுப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். அவர்கள் தண்ணீரை ஸ்டார்ச்சில் கட்டி வைக்கிறார்கள், லேபிளில் தண்ணீர் இரண்டாவதாக வருவது அதனால்தான். நான் ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளவரைக் கால் டம்ளர் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, முழுதாக ஆறியதும் கிரீமில் கலக்கிறேன். அப்போதுதான் அந்த வழுவழுப்பு வருகிறது. ஒரு குறை உண்டு. சாதாரணக் கஞ்சி இரண்டு மூன்று நாள் ஃப்ரிட்ஜில் இருந்தால் ஓரத்தில் நீர் விடும். 1442 என்கிற ஸ்டார்ச் அப்படி விடாமல் இருக்கத்தான் மாற்றப்பட்டது. வீட்டில் ஸ்பூனால் ஒரு கிளறு கிளறிக்கொண்டால் போயிற்று.

முட்டையில் செய்தால் இன்னும் ருசியாக இருக்குமே என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம், பச்சை முட்டை என்பதுதான் சிக்கல். சால்மொனெல்லா போன்ற, உணவை நஞ்சாக்கும் கிருமிகளுக்குப் பயந்துதான் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது. பாலில் செய்வது என்பதால் அலட்சியமாக இருக்கலாம் என்றும் அர்த்தமில்லை. கடைப் பாட்டிலைத் திறந்து மாதக்கணக்கில் ஃப்ரிட்ஜில் வைப்பதுபோல் இதை வைக்க முடியாது. நான் நான்கு நாளில் தீர்த்துவிடுவேன், ஈர ஸ்பூன் உள்ளே போகவே கூடாது. ஃப்ரீசரில் வைத்தால் எண்ணெய் தனி, தண்ணீர் தனி.

செலவு குறையுமா என்றால், எண்ணெய், பால், அரை மணி நேரம், கழுவ வேண்டிய பாத்திரங்கள் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பெரிய லாபமில்லை. லேபிளில் உள்ள சர்க்கரையைக் குறைக்கலாம் என்று இறங்குகிறீர்கள் என்றால், அதே ருசி வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். நான் இப்போது மொத்தச் சர்க்கரையில் கால் பங்கு குறைத்திருக்கிறேன். மகள் கண்டுபிடித்துவிட்டாள், இருந்தாலும் சாப்பிடுகிறாள். அதற்கு மேல் குறைத்தபோது பாட்டிலே வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

தடவும் முன் பிரெட்டில் மெல்லிசாக வெண்ணெய் பூசினால் ரொட்டி ஊறாது. டிபன் டப்பாவில் மட்டும் நான் இதைக் கொடுத்தனுப்புவதில்லை. காலை ஏழரைக்குக் கட்டியது நம் ஊர் வெயிலில் மதியச் சாப்பாட்டு மணி வரை பையில் கிடக்கும். பள்ளி நாளில் பிரெட்டுக்குள் வெண்ணெயும் இட்லிப் பொடியும்தான்.