ரிசல்ட் என்னன்னு அவர் கேக்கல – கடிதமும் பதிலும்

அண்ணா வணக்கங்க,

எனக்கு 29 வயசு, கோயம்புத்தூர். நிச்சயம் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு, தை மாசம் கல்யாணம். அவர் நல்லவருங்க, என் பொறந்தநாளுக்கு சொல்லாம கொள்ளாம சென்னையிலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்தவர். ஆனா போன மாசம் எனக்கு கழுத்துல கட்டி மாதிரி இருக்குன்னு ஊசி வச்சு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. போன்ல சொன்னேன், "ஒண்ணும் இருக்காது விடு"ன்னுட்டு அவரோட மேனேஜர் கதைய ஆரம்பிச்சுட்டார். ரிசல்ட் என்னன்னு 9 நாளா கேக்கவே இல்ல. அவரா கேக்கட்டும்னு நானும் சொல்லல. இதுக்கு நடுவுல காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தி 15,000 வாங்கிட்டு ரெண்டு வருஷமா திருப்பித் தரல. ரீல்ஸ்ல சொல்ற மாதிரி இவங்கெல்லாம் நார்சிசிஸ்ட்டா, அதான் தன்னைப் பத்தி மட்டுமே நினைக்கிற ஆளுங்களா? "கேட்டினும் உண்டோர் உறுதி"ன்னு வள்ளுவர் சொன்னாரே, அப்ப கஷ்டகாலம் வந்தாத்தான் தெரியுமா? முன்னாடியே கண்டுபிடிக்க என்ன அறிகுறி? கல்யாணத்த நிறுத்திடலாமா அண்ணா?

– கோவை வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடன் விஷயத்த முதல்ல தள்ளி வைங்க. அது காசு பிரச்சினை, வாய்விட்டு கேளுங்க, தரலன்னா இனிமே குடுக்காதீங்க. அடுத்து அந்த ரீல்ஸ். தயவுசெஞ்சு அந்த வார்த்தைய விட்டுடுங்க. அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேட்டுல அது ஒரு நோயா 1980லதான் ஏறுச்சு, இப்ப 9 அடையாளம் போட்டிருக்காங்க, அதுல குறைஞ்சது அஞ்சு இருக்கணும், அதையும் டாக்டர் உக்காந்து பேசிப் பாத்துத்தான் சொல்லணும். நீங்களும் நானும் முப்பது செகண்ட் வீடியோ பாத்துட்டு கட்டிக்கப் போற மனுஷனுக்கு ஒட்டுற லேபிள் இல்லம்மா அது.

குறளுக்கு வரேன், ஏன்னா அதத்தான் நான் ரொம்ப நாளா மண்டையில போட்டு உருட்டிக்கிட்டு இருக்கேன். கெடுதி வந்தா அதுலயும் ஒரு நன்மை இருக்கு, சொந்தபந்தத்த நீட்டி அளந்து பாக்குற கோல் அதுன்றார். சரிதான். ஆனா அந்தக் கோல் கைவிட்டு ஓடுறவனத்தான் காட்டிக் குடுக்கும். நீங்க கேக்குறது வேற ஆள். இவங்க ஓட மாட்டாங்க, கஷ்டம்னா முதல்ல வந்து நிப்பாங்க.

2015 டிசம்பர் 1 ராத்திரி அடையாறு பொங்குனப்ப நான் ஜாபர்கான்பேட்டையில மாடி வீட்ல இருந்தேன். கீழ் வீடு முழுசா தண்ணி. கரண்ட் இல்ல, போன் செத்துப்போச்சு. அம்மா மூணு நாள் முன்னாடிதான் முடிச்சூர்ல அக்கா வீட்டுக்குப் போயிருந்தாங்க, அங்கயும் வெள்ளம்னு மட்டும் யாரோ சொன்னாங்க, உசுரோட இருக்காங்களான்னு தெரியல. மூணாம் தேதி காலையில என் ஃப்ரெண்ட் வந்தான். பதினோரு வருஷப் பழக்கம். இடுப்பளவு தண்ணியில, ஒரு துளி பால் கிடைக்காத நேரத்துல நாலு பாக்கெட் பாலும் பிரெட்டும் தலைமேல வச்சு தூக்கிட்டு வந்தான். கட்டிப்பிடிச்சு அழுதுட்டேன். அப்புறம் ரெண்டு மணி நேரம் பேசினான். எந்த தெருவுல எவ்வளவு தண்ணி, எங்க வழுக்கி விழுந்தான், பைக் எப்படி மூழ்குச்சு, இன்சூரன்ஸ்காரன் என்ன சொல்வான். அம்மாவ முடிச்சூர் பஸ் ஏத்தி விட்டதே அவன்தான்மா. கிளம்பிப் போற வரைக்கும் "அம்மா எங்கடா"ன்னு ஒரு வார்த்தை கேக்கல. நானா சொல்ல வாயெடுத்தேன், ரெண்டு தடவ, ரெண்டு தடவையும் பைக்குக்கே போயிட்டான்.

அன்னிக்கு சாயங்காலம் தெருமுனையில இஸ்திரி போடுற அண்ணன் மாடிப்படியில வந்து உக்காந்தார். வண்டி போச்சு, பெட்டி போச்சு, ஊரார் துணியெல்லாம் போச்சுன்னு அவர் கதையைத்தான் சொல்லி அழுதார். அழுது முடிச்சு துண்டுல மூஞ்சியத் தொடச்சுட்டு, "ஆமா சார், பெரியம்மா முடிச்சூர்னு சொன்னீங்களே, சேதி எதுனா வந்துச்சா?"ன்னார்.

நாலாம் தேதிதான் போன் வந்துச்சு, ரெண்டு நாள் மொட்டை மாடியில இருந்திருக்காங்க, நல்லா இருந்தாங்க. ஆனா அந்த ரெண்டு பேரையும் நான் இன்னிக்கு வரைக்கும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்துக்கிட்டே இருக்கேன்.

என் ஃப்ரெண்ட் சுயநலக்காரன் இல்ல. சுயநலக்காரன் கணக்கு பாப்பான், இவன் கணக்கே பாக்க மாட்டான், கேக்காமலே அள்ளிக் குடுப்பான். ஆனா எதிர்ல இருக்குறவனுக்கு உள்ள என்ன ஓடுதுன்னு கேக்க அவனுக்குத் தோணாது. ராத்திரி பஸ் ஏறி வர்றவங்களும் இப்படி இருக்கலாம்மா, அதனாலதான் உங்களுக்கு இவ்வளவு குழப்பம்.

சார்லஸ் டெர்பர்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர் 1979ல எழுதினார், பேச்சுல பதில் ரெண்டு வகைன்னு. "ரெண்டு நாளா தூக்கமே இல்ல"ன்னா "ஏன், என்னாச்சு"ன்றது ஒண்ணு, "எனக்கு ஒரு வாரமா இல்ல"ன்னு பேச்ச தன் பக்கம் இழுத்துக்கிறது இன்னொண்ணு. ரெண்டாவது மோசம்னு எடுத்துக்கிட்டா நம்ம ஊர்ல பாதிப்பேர் மாட்டிப்பாங்க. எழவு வீட்ல கட்டிப்பிடிச்சு ஒப்பாரி வைக்கிற கிழவி, செத்தவங்களுக்காக மட்டுமா அழுறா, போன வருஷம் போன தன் மகனையும் சேத்துத்தான் அழுறா, அதுலதான் மனசும் ஆறுது. தன் கதை சொல்றது தப்பே இல்ல. சொல்லிட்டு உங்ககிட்ட திரும்பி வர்றாங்களா? அந்த அண்ணன் வந்தார். நீங்க பாக்க வேண்டியது இது ஒண்ணுதான், அதையும் ஒருநாள் வச்சு பாக்கக் கூடாது. வேலை போற பயத்துல இருக்குறவனுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. மாசக்கணக்கா, சின்னச் சின்ன விஷயத்துல திரும்பி வர்றாங்களான்னு பாக்கணும்.

இப்ப உங்கள திட்டணும். 9 நாள் வாயத் தொறக்காம இருந்தீங்களே, அது என்ன பரீட்சை? எழுதுறவனுக்கே பரீட்சைன்னு தெரியாது, ஃபெயில்னு மார்க் மட்டும் போட்டாச்சு. ஒருதடவை நேரா சொல்லுங்க, "நீங்க கேக்கல, எனக்கு வலிச்சுது"ன்னு. பதறிப்போய் ரிசல்ட் கேக்குறாரா, இல்ல "அப்ப நான் கெட்டவனா"ன்னு மூஞ்சி சுருங்கி கடைசியில நீங்க அவர சமாதானப்படுத்துற மாதிரி ஆகுதான்னு பாருங்க. கல்யாணத்த நிறுத்துறதா வேணாமான்னு அதுக்கப்புறம் யாரையும் கேக்க வேண்டியிருக்காது, என்னையும்.

இன்னொண்ணு. உங்க கடிதத்துல அவர் மேனேஜர் இருக்கார், ஃப்ரெண்டோட கடன் இருக்கு, வள்ளுவர் இருக்கார். ரிசல்ட் இல்ல. முதல் தடவ படிக்கும்போது நானே கவனிக்கல, மூணாவது தடவதான் திக்னு ஆச்சு. யாரும் கேக்காத வீட்ல ரொம்ப நாள் இருந்தா நம்மளே நம்மள விட்டுட்டு பேசப் பழகிடுறோம் தங்கச்சி. அந்தக் கட்டி என்னன்னு டாக்டர் சொன்னார்? இன்னிக்கே எழுதுங்க, ஒரு வரி போதும்.

அன்புடன்,
அண்ணன்