ரயில் தாமதமாகக் கிளம்பினால் சமன்பாட்டை எப்படி எழுதுவது?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குத் தூரம், வேகம், நேரம் சூத்திரம் மனப்பாடம். இரண்டு ரயில்கள் எதிரெதிரே ஒரே நேரத்தில் புறப்பட்டால் கணக்கைப் போட்டுவிடுகிறான். ஒன்று தாமதமாகக் கிளம்பினாலோ நடுவில் நின்றாலோ திணறுகிறான். வரைபடம் போட்டுப் பார் என்றால், "சமன்பாட்டைத் தீர்த்தாலே விடை வருதே, அது எதுக்கு?" என்கிறான். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: இத்தகைய கணக்குகளில் பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது ஓரிடத்தில்தான். ஒவ்வொரு ரயிலுக்கும் தனிக் கடிகாரம், தனித் தொடக்கம் வைத்துக்கொள்கிறார்கள். ஒரே கடிகாரத்தையும், தூரத்தை அளக்க ஒரே ஊரையும் முதலில் முடிவு செய்யச் சொல்லுங்கள். பாதித் திணறல் அங்கேயே தீரும்.

சென்னை எழும்பூரிலிருந்து மதுரைக்கு ரயில் பாதையில் சுமார் 490 கி.மீ. காலை 6 மணிக்குச் சென்னையிலிருந்து ஒரு ரயில் சராசரியாக மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது. 7 மணிக்கு மதுரையிலிருந்து இன்னொன்று 80 கி.மீ. வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 மணியிலிருந்து ஆன நேரத்தை 'நே' என்போம். சென்னையிலிருந்து உள்ள தூரத்தை 'தூ' என்போம். இரண்டு ரயிலுக்கும் இதே நே, இதே தூ.

முதல் ரயில்: தூ = 70நே
இரண்டாவது ரயில்: தூ = 490 − 80(நே − 1)

இரண்டாவதில் கழித்தல் குறி எதற்கு என்று கட்டாயம் கேட்பான். அந்த ரயில் சென்னையை நெருங்க நெருங்கத் தூரம் குறைகிறது. நேரத்தைக் கிடை அச்சிலும் தூரத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைபடம் போட்டால், அதன் கோடு இடமிருந்து வலமாக இறங்கும். கோட்டின் சாய்வுதான் வேகம். சாய்வின் குறி, ரயில் எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சொல்கிறது.

அடுத்தது (நே − 1). ஒரு மணி நேரம் தாமதம் என்றதும் பல பிள்ளைகள் கூட்டல் போட்டு (நே + 1) என்று எழுதிவிடுவார்கள். இதைப் பிடிக்க ஒரு சோதனை போதும்: புறப்படும் நேரத்தைச் சமன்பாட்டில் போட்டால் புறப்படும் ஊர் கிடைக்க வேண்டும். நே = 1 என்று போடுங்கள், தூ = 490, அதாவது மதுரை. கூட்டல் போட்டிருந்தால் 330 வரும். ரயில் கிளம்பும்போதே திருச்சிக்கு வடக்கே நிற்கிறது என்று பொருள். அப்படி ஒரு விடையைப் பார்த்தால் அவனே திருத்திவிடுவான்.

இரண்டு சமன்பாடுகளையும் சமப்படுத்தினால் 150நே = 570, நே = 3.8. இதை 3 மணி 80 நிமிடம் என்று எழுதிவிடக் கூடாது. 0.8 மணி என்பது 48 நிமிடம். ஆகவே சந்திப்பு காலை 9.48க்கு, சென்னையிலிருந்து 266 கி.மீ. தொலைவில், ஏறக்குறைய அரியலூர் அருகே.

இனி அவனுடைய கேள்வி: வரைபடம் எதற்கு? இரண்டாவது சமன்பாட்டை விரித்தால் தூ = 570 − 80நே. மதுரையே 490இல் இருக்க, 570 எங்கிருந்து வந்தது? கோட்டை 6 மணி வரை பின்னோக்கி நீட்டினால், ரயில் அப்போது மதுரைக்குத் தெற்கே 80 கி.மீ. தள்ளி, சாத்தூரையும் தாண்டி நின்றதாகக் காட்டும். அங்கே அந்த ரயில் இல்லவே இல்லை. சமன்பாடு இதைப் பற்றிக் கவலைப்படாது. படம் வரைபவன் கோட்டை 7 மணிக்கு மேல்தான் தொடங்குவான். ஒரு சமன்பாடு எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை செல்லும் என்பதைப் படம் தானாகவே கேட்க வைக்கிறது. என்னைப் பொறுத்தவரை, வரைபடம் போடுவதில் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான்.

நடுவில் நிற்பதும் அப்படித்தான். சென்னை ரயில் விழுப்புரத்தில் 12 நிமிடம் நிற்கட்டும். நேரம் ஓடுகிறது, தூரம் மாறவில்லை. ஆகவே அங்கே கோடு 12 நிமிடத்துக்குப் படுக்கையாகப் போகும். பிறகு பழைய கோட்டுக்கு இணையாக, சற்று வலப்புறம் தள்ளி ஏறும்: தூ = 70(நே − 0.2). இப்போது சந்திப்பு எவ்வளவு தள்ளிப்போகும்? 12 நிமிடம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். போட்டுப் பாருங்கள், ஐந்தரை நிமிடத்துக்குச் சற்று அதிகம்தான். இது நிற்கும்போதும் எதிர் ரயில் வந்துகொண்டுதானே இருக்கிறது.

ரயில்வேயே இப்படித்தான் வேலை செய்கிறது என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். பாரிஸ்–லியோன் தடத்தின் ரயில்களையெல்லாம் சாய்கோடுகளாகக் காட்டும் படத்தை எத்தியேன் ழூல் மாரே என்ற பிரெஞ்சு அறிஞர் 1885இல் வெளியிட்டார். அது இப்ரி என்ற பொறியாளரின் முறை. நம் ரயில்வே கண்ட்ரோல் அறைகளிலும் ஒரு பக்கம் நேரம், மறுபக்கம் ஸ்டேஷன்கள் என்று வைத்து, ஒவ்வொரு ரயிலையும் ஒரு கோடாகத்தான் சார்ட்டில் குறிப்பார்கள். முன்பு பென்சிலும் ஸ்கேலும் கொண்டு வரைந்தார்கள், இப்போது கணினி வரைகிறது. ஒற்றைப் பாதையில் எதிரெதிர் ரயில்களின் கோடுகள் ஒரு ஸ்டேஷனில்தான் வெட்டிக்கொள்ளலாம், இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே வெட்டவே கூடாது. "கிராசிங்குக்காக நிக்குது" என்று நாம் பெட்டிக்குள் அலுத்துக்கொள்கிறோமே, அந்த நிறுத்தம் இந்த வெட்டுப்புள்ளியை ஸ்டேஷனுக்குக் கொண்டுவருவதற்காகத்தான்.

ஒரு எச்சரிக்கை. நேர்கோடு என்றால் வேகம் மாறவில்லை என்று பொருள். உண்மையான ரயில் மெல்ல வேகம் பிடிக்கும், மெல்லக் குறைக்கும். சென்னை–மதுரை போன்ற நீண்ட தூரத்தில் சராசரி வேகத்தை வைத்துக் கோடு போட்டால் பெரிய பிழை வராது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்களுக்கு இடையே பார்த்தால் கோடு வளைந்துதான் இருக்கும், அங்கே நேரியல் சமன்பாடு பொருந்தாது.

வரைபடத் தாளில் 1 செ.மீ.க்கு 1 மணி நேரம், 1 செ.மீ.க்கு 50 கி.மீ. என்று எடுத்தால் இந்தக் கணக்கு பக்கத்துக்குள் அடங்கும். வெட்டுப்புள்ளியைப் படத்தில் வாசித்தால் நேரம் 3.8க்கு அருகிலும் தூரம் 265க்கு அருகிலும் தெரியும். பிறகு சமன்பாட்டைத் தீர்த்து, வந்த நே மதிப்பை இரண்டு சமன்பாடுகளிலும் போட்டுப் பார்க்கட்டும். இரண்டிலும் 266 வர வேண்டும்.