நான்கில் ஒரு பங்கு (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

எனக்கு முடக்குவாதம் வந்து பதினோரு வருடம் ஆகிறது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்காது. அந்த நேரத்தில் தலை வாரி விடுவது, பொத்தான் போட்டு விடுவது, மாத்திரை அட்டையைப் பிரித்துத் தருவது எல்லாம் என் கணவர்தான். வாரத்துக்கு ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரைக்கு எந்த நாள் என்பதைக்கூட அவர்தான் நினைவில் வைத்திருக்கிறார். மருத்துவரிடம் போகும்போதெல்லாம் என் தோழி விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வருகிறாள். இந்த நன்றிக்கடனை எப்படி அடைப்பேன் என்ற நினைப்பு இப்போது வலியைவிட அதிகமாகப் படுத்துகிறது. நன்றி சொன்னால் கணவர் “எனக்கே நன்றியா?” என்று கோபப்படுகிறார். அதனால் எவ்வளவு வலித்தாலும் ‘இன்னிக்குப் பரவாயில்லை’ என்று சொல்லிவிடுகிறேன். அந்தச் சுமையாவது அவர்களுக்குக் குறையட்டுமே. நான் செய்வது சரிதானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சரியில்லை. தயவுசெய்து அதை நிறுத்திவிடுங்கள்.

நான் மறுபக்கம் நின்றவன். என் அக்காவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து ஆறு வருடம் டயாலிசிஸ் ஓடியது. வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். கூடப் போனது நான். ஒருமுறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவே உடம்பில் சேரும் நீருக்குப் போக வழி கிடையாது. அதிகமானால் நுரையீரலில் கோத்துக்கொள்ளும், படுத்தால் மூச்சு முட்டும். ஒரு ஞாயிறு இரவு அப்படித்தான் ஆனது. அந்த வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடிகாலை மூன்று மணி வரை சத்தம் காட்டாமல் இருந்திருக்கிறாள். தற்செயலாக எழுந்து பார்த்தபோது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது.

பிழைத்துக்கொண்டாள். மறுநாள் “உன்னை எழுப்ப மனசு வரலடா” என்றாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. என் தூக்கத்தைக் காப்பாற்றியதாக அவள் நினைத்தாள். அதன் பிறகு பல மாதம் எனக்குச் சரியான தூக்கமே இல்லை. ‘நல்லா இருக்கேன்’ என்று அவள் சொன்னதை நம்ப முடியாமல், ராத்திரி எழுந்து போய் அவள் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வருவேன்.

பதினோரு வருடமாக உங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு உங்கள் ‘பரவாயில்லை’ எது, உண்மையான பரவாயில்லை எது என்று எப்படித் தெரியும்? தோழியும் அப்படித்தான். மருத்துவரிடம் நீங்கள் சொல்ல மறந்ததை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவரிடமும் மறைத்தால் மருத்துவர் தப்பான கணக்கை வைத்துத்தான் மருந்து எழுதுவார்.

அப்புறம் இந்தக் கடன். மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் (குறள் 950) வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு கூறு சொல்கிறார். நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, நான்காவதாக உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து, மருந்தைப் பிழையில்லாமல் கொடுத்துக் கவனித்துக்கொள்பவர். வெளியே நின்று உதவுகிறவராக அல்ல, மருத்துவத்திலேயே ஒரு பங்காக அவரை வைக்கிறார். வாரம் ஒருமுறை போட வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட்டைத் தவறுதலாகத் தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். அந்தக் கிழமையைப் பதினோரு வருடமாகத் தப்பவிடாத உங்கள் கணவர் செய்வதை நான் மருத்துவம் என்றுதான் சொல்வேன். மாத்திரை நமக்காக வேலை செய்கிறதே என்று யாரும் கூனிக்குறுகுவதில்லை.

குறளில் நன்றி என்ற சொல்லுக்கே செய்த நன்மை என்றுதான் பொருள். அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றி அறிதல். அறிதல்தான் அங்கே இருக்கிறது, அடைத்தல் இல்லை. டயாலிசிஸ் ஊசி சாதாரண ஊசி மாதிரி இருக்காது, தடிமனானது. கடைசி வருடத்தில் ஒருநாள் அக்கா சொன்னாள்: “ஊசி குத்தும்போது எல்லாரும் திரும்பிக்குவாங்க. நீ மட்டும் என் கையைப் பார்த்துட்டே நின்ன.” அவள் அதைக் கவனித்திருந்தாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவள் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அந்த ஒரு வரி எனக்கு இன்னும் போதுமானதாக இருக்கிறது.

உங்கள் கணவரிடமும் அப்படி ஒன்றைச் சொல்லுங்கள். ‘நேத்து சிக்கெடுக்கும்போது ஒரு முடிகூட இழுபடல’ என்றால் அவருக்கு ஏன் கோபம் வரப்போகிறது? கூடவே, அவர் உடம்பை அவர் கடைசியாக எப்போது மருத்துவரிடம் காட்டினார் என்று கேளுங்கள். அக்காவைப் பார்த்துக்கொண்ட வருடங்களில் எனக்கு இருந்த பல்வலியை நான் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு பல் போயிற்று. மறைப்பது நோயாளிகள் மட்டுமில்லை.

தோழியைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவரைப் பற்றித்தான் யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. நீண்டகால நோயாளிகளின் நண்பர்கள் தங்கள் கஷ்டங்களைச் சொல்வதை மெல்ல நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ‘இவளுக்கு இருக்கிற வலியில் நான் வேறயா’ என்று நினைத்துக்கொள்வார்கள். அக்காவின் சிநேகிதி ஒருவர் தன் விவாகரத்தையே ஒரு வருடம் சொல்லாமல் இருந்தார். தெரிய வந்த அன்று அக்கா அழுத மாதிரி தன் நோய்க்காக அழுது நான் பார்த்ததில்லை. ஆறுதல் தேடித் தன்னிடம் இனி யாரும் வர மாட்டார்கள் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

அடுத்த முறை மருத்துவருக்காகக் காத்திருக்கும்போது, உங்கள் தோழிக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று கேளுங்கள். ‘ஒண்ணுமில்லை’ என்பார். அந்தப் பதில் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். இன்னொரு தடவை கேளுங்கள்.

அன்புடன்.