எலிக் காதில் ஆறு கால்: குலசேகரத்து அப்பா ஒருவருக்கு

அன்புள்ள அண்ணே,

ஞாயிற்றுக்கிழமை குலசேகரத்திலிருந்து மகளையும் அவளுடைய தாய்மாமாவையும் கூட்டிக்கொண்டு என்னிடம் மேல்படிப்பு ஆலோசனை கேட்க வந்தீர்கள். இரண்டு முறை நீட் எழுதியாயிற்று, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டிலும் இடம் கிடைக்கவில்லை. இன்னொரு வருஷம் கோச்சிங், இல்லாவிட்டால் வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். என்று மாமா சொன்னார். நானும் முதலில் ஆறுதலாகத்தான் பேசினேன். ஒன்றரை ஏக்கர் ரப்பர் விளையை ஈடு வைத்து 30 லட்சம் கடன் எடுக்கப் பேச்சு நடக்கிறது என்று நீங்கள் எழும்பும் நேரத்தில்தான் சொன்னீர்கள். அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அதனால் நேராகவே எழுதுகிறேன்: விளையை ஈடு வைக்காதீர்கள்.

வெளிநாட்டில் படித்து வந்தால் இங்கே தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும், பிறகு பயிற்சிக் காலம். அதுவரைக்கும் வட்டி நிற்காது. மழை மாதங்களில் பால் வெட்டு முடங்கும், ரப்பர் ஷீட் விலை உங்கள் கையில் இல்லை. அந்த விளையை நம்பித்தான் இரண்டாவது பிள்ளையும் படிக்கிறான். "நம்ம குடும்பத்தில் ஒரு டாக்டர் வேண்டும்" என்று மாமா ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள்.

அப்புறம் மகள். பெரியவர்கள் பேசிய முக்கால் மணி நேரத்தில் அவளிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் கேட்டபோது பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். ஷீட் அடிக்கிற கொட்டகையில் பொறியில் விழுந்த எலியின் காது மடலுக்குள் ஆரஞ்சு நிறத்தில் பொடி ஒட்டியிருப்பதைக் கண்டிருக்கிறாள். ஊசி முனையால் கொஞ்சம் எடுத்து, பள்ளி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, பென்சிலால் வரைந்திருக்கிறாள். பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு கேள்வி: "சிலந்தி இனம் என்றால் எட்டுக் கால் வேண்டுமே, இதற்கு ஏன் ஆறு?"

அண்ணே, நான் இந்த ஆலோசனை வேலைக்கு வருமுன் 12 வருஷம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன். யாரும் தூண்டாமல் ஒரு பிள்ளை இந்தக் கேள்வியை எழுதி நான் பார்த்ததில்லை.

அவள் வரைந்திருப்பது சிலந்திப்பேன் (மைட்) வகை ஒன்றின் இளம்புழு என்றுதான் தோன்றுகிறது. நம்ம தென்னையில் காய் சொரசொரத்துப்போகக் காரணமான மைட்டுக்கு இது தூரத்துச் சொந்தம். இளம்புழுவாக இருக்கும்போது ஆறு கால், வளர்ந்தால் எட்டு. எலி, மூஞ்சூறு மேல் ஒட்டிப் பிழைப்பதும் அந்த ஆறு கால் பருவம் மட்டும்தான். வளர்ந்தபின் மண்ணில் தனியே வாழும். எலிமேல் இருக்கும்போது இதன் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது.

இதற்கு என்ன அவசியம் என்று கேட்பீர்கள். பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்களே, ஸ்க்ரப் டைபஸ், அதைப் பரப்புவது இந்தக் கூட்டத்தில் சில இனங்கள். உண்மையில் பரப்புவது உண்ணியே அல்ல. பலருக்குக் கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு வரும். டாக்டர் நோயைக் கண்டுபிடித்து டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்தால் குணமாகும், கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. தென்னிந்தியாவில் இதைப் பரப்பும் முக்கியமான இனம் லெப்டோட்ரோம்பிடியம் டெலியன்ஸ். நோய்க்கிருமி தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போய்விடும். ஆகவே ஒரு ஊரில் எலி இருக்கிறது என்று தெரிந்தால் போதாது, அதன் காதில் இருப்பது எந்த இனம் என்று தெரிய வேண்டும். ஒரே எலியில் நாலைந்து இனம் கலந்து கிடக்கும். பார்வைக்கு எல்லாம் ஒரே ஆரஞ்சுப் பொடி.

பிரித்தறிவது எப்படி? அந்தியில் பொறி வைத்து, காலையில் எடுத்து, எலியை மயக்கி, வெள்ளைத் தாளின்மேல் உரோமத்தைச் சீவுவார்கள். காதிலுள்ளதைத் தனியே எடுத்து ஆல்கஹாலில் போடுவார்கள். பிறகு லாக்டோஃபீனால் என்ற ரசாயனத்தில் ஊறவைத்து உடலைத் தெளிய வைத்து, பசைபோல் ஒட்டும் ஹோயர் திரவத்தில் கண்ணாடித் தகட்டில் பதிப்பார்கள். முதுகில் ஒரு சின்னத் தகடு தெரியும். லெப்டோட்ரோம்பிடியம் பேரினம் என்றால் அதில் கிளைத்த முடி ஐந்து, அதோடு சாட்டைபோல் நீண்ட உணர்முடி இரண்டு. வேறு சில பேரினங்களில் அந்த உணர்முடி தடிபோல் பருத்திருக்கும். முடிகளுக்கு இடையே உள்ள தூரத்தை மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளந்து, முதுகு முடிகளை வரிசை வரிசையாக எண்ணித்தான் பெயர் சொல்வார்கள். டி.என்.ஏ. பரிசோதனை வந்த பிறகும் இந்தக் கண்ணுக்கு வேலை குறையவில்லை. உங்கள் மகளுக்கு அந்தக் கண் இருக்கிறது.

நர்சிங், இன்ஜினீயரிங் பற்றி உங்கள் தெருவிலேயே நாலு பேர் சொல்வார்கள், நான் சொல்லவில்லை. அவள் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. விலங்கியல் சேரட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதன்பின் புதுச்சேரியில் ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் நோய்க்கடத்தி (கொசு, மைட் போல நோய் பரப்பும் உயிர்) கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் இரண்டு வருஷ எம்.எஸ்சி. நடத்துகிறார்கள். அதே மையத்துக்கு மதுரையிலும் கிளை உண்டு. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி) பெற்றால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, அதைத் திருப்பிக் கட்ட வேண்டாம்.

சிரமத்தையும் மறைக்க மாட்டேன். பூச்சியியல் வல்லுநர் பணியிடங்கள் பொதுச் சுகாதாரத் துறையில் உண்டு, ஆனால் குறைவு. ஆராய்ச்சித் திட்ட வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்தம், திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். நிலையாக ஏழெட்டு வருஷம் ஆகலாம். ஒருவேளை இந்தத் துறை அமையாவிட்டாலும் அவள் கையில் ஒரு பட்டம் இருக்கும், உங்கள் கையில் விளை இருக்கும். மாமா சொல்லும் வழி பிசகினால் இரண்டும் இருக்காது.

இன்னொன்று, இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். அவள் எலியை வெறுங்கையால் தொட்டிருக்கிறாள். எலிக்காய்ச்சல் என்றால் என்ன என்று தெரிந்த ஊர் நம்முடையது. கையுறை வாங்கிக் கொடுங்கள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் எலியைத் தொட்டதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வருகிற சனிக்கிழமை பத்து மணிக்கு நோட்டோடு அவளை அனுப்புங்கள், கல்லூரி விலங்கியல் துறைக்கு நானே கூட்டிப்போகிறேன். மாமாவும் வரட்டும். வெளிநாட்டுப் படிப்புக்கு ஏஜென்ட் கொடுத்த கட்டணத் தாளைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள், வட்டியோடு சேர்த்து அவர் முன்னாலேயே கூட்டிப் பார்த்துவிடுவோம்.